ஆட்கள் குறையும் ஊரில் வாழ்வு உயருமா? நெய்வேலி வட்டாரத்திலிருந்து ஒரு மக்கள்தொகைப் பாடம்

"ஆள் கிடைக்கவில்லை." நெய்வேலி, வடலூர், விருத்தாசலம் வட்டாரத்தில் எந்த ஊரில் உழவர் கூட்டம் நடத்தினாலும், விதை, உரம் பற்றிப் பேச்சு தொடங்குமுன் எழும் முதல் குறை இதுவே. அதே கூட்டத்தில் ஐந்து நிமிடம் கழித்து இன்னொருவர் எழுந்து, "ஜனத்தொகை பெருத்துப் போச்சுங்க. அதனாலதான் நிலமெல்லாம் துண்டு துண்டாப் போச்சு" என்பார். ஆள் இல்லை என்பதும், ஆள் பெருத்துவிட்டது என்பதும் ஒரே ஊரில் ஒரே நாளில் எப்படி உண்மையாக முடியும்?

இரண்டும் உண்மைதான். அது எப்படி என்பதையும், மக்கள்தொகை மாறும்போது ஒரு வட்டாரத்தின் வாழ்க்கைத் தரம் உயர்வதும் வேறொரு வட்டாரம் பின்தங்குவதும் ஏன் என்பதையும் இவ்வாரம் பார்ப்போம். உழவர் பக்கத்தில் இது எதற்கு என்று நினைக்க வேண்டாம். எந்தப் பயிரை வைப்பது என்ற முடிவு வரை இந்தக் கணக்கு வந்து நிற்கிறது.

வாய்க் கணக்கும் கைக் கணக்கும்

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். இரண்டு காணி மானாவாரி நிலம், அதாவது ஏறத்தாழ 2.6 ஏக்கர். மணிலாப் பயிரில் செலவு போக 24 மூட்டை மிஞ்சுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் தகப்பன், தாய், பாட்டி, ஐந்து பிள்ளைகள். உண்ணும் வாய்கள் எட்டு. உழைப்பவர் இருவர். ஆளுக்கு 3 மூட்டை. இதில் துணிமணி, வைத்தியம், பள்ளிக்கூடம், திருவிழா எல்லாம் அடங்க வேண்டும். முதலில் வெட்டுப்படுவது பள்ளிக்கூடம்தான். அதிலும் பெண் பிள்ளையின் பள்ளிக்கூடம்.

அதே நிலம், அதே மகசூல். வீட்டில் கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள் மட்டும் என்றால் ஆளுக்கு 6 மூட்டை. ஒரு பிடி உரம் கூடுதலாகப் போடவில்லை. ஒரு சொட்டுத் தண்ணீர் கூடுதலாக இறைக்கவில்லை. வாழ்க்கைத் தரம் இரட்டித்துவிட்டது. மிஞ்சுகிற மூட்டை பிள்ளைகளின் படிப்புக்குப் போகிறது. படித்த பிள்ளை இருபது வயதில் சம்பாதிக்கத் தொடங்கும்போது, வீட்டில் உழைக்கும் கைகளே மிகுதி, சார்ந்திருக்கும் வாய்கள் குறைவு. ஒரு வீட்டுக்கு இது எப்படியோ, ஒரு மாவட்டத்துக்கும் மாநிலத்துக்கும் அப்படியே. மொத்தத் தலைகளின் எண்ணிக்கையை விட, உழைக்கும் வயதில் உள்ளவர் எத்தனை, அவர்களைச் சார்ந்திருப்பவர் எத்தனை என்பதே வாழ்க்கைத் தரத்தை அதிகமாக நிர்ணயிக்கிறது.

தமிழ்நாட்டில் 1971-ஆம் ஆண்டு ஒரு தாய்க்குச் சராசரியாகப் பிறந்த குழந்தைகள் ஏறத்தாழ 3.9. தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி 1992–93-இல் இது 2.5 ஆகவும், 2019–21-இல் 1.8 ஆகவும் இறங்கிவிட்டது. தாயும் தந்தையும் இருவர். அவர்கள் இடத்தை நிரப்ப 2.1 குழந்தைகள் வேண்டும் என்பது மக்கள்தொகை நூலார் கணக்கு. நாம் அதற்கும் கீழே வந்து பல ஆண்டுகள் ஆகின்றன.

நாம் பணக்காரர் ஆன பிறகு பிறப்பு குறைந்தது என்று சிலர் எண்ணுகிறார்கள். நம் மாநிலத்தில் நடந்தது அப்படியல்ல. கையில் பெரிதாகப் பணம் புரளாத காலத்திலேயே பிறப்பு குறையத் தொடங்கிவிட்டது. 1951-ஆம் ஆண்டு இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்திய ஆர்.ஏ. கோபாலசாமி பின்னர் சென்னை மாநிலத் தலைமைச் செயலாளராக இருந்து, 1950-களிலேயே குடும்பக் கட்டுப்பாட்டைத் தீவிரமாக முன்வைத்தார். ஆனால் சர்க்கார் சொன்னதற்காக மட்டும் ஜனங்கள் கேட்டுவிடவில்லை. பிறந்த குழந்தை பிழைக்கும் என்ற நம்பிக்கை வந்தது. 1971-இல் ஆயிரம் குழந்தை பிறந்தால் 113 குழந்தைகள் ஒரு வயதுக்குள் இறந்தன. 2020-இல் அது 13. காமராஜர் காலத்து மதிய உணவு, 1982-இல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவு, சிற்றூர் வரை வந்த பேருந்து, பெண் பிள்ளைகள் ஏறிய பள்ளிப் படிகள் எல்லாம் சேர்ந்து செய்த வேலை இது. நான்கு பிள்ளை பெற்றால் இரண்டாவது தங்கும் என்று கணக்குப் போட்ட தாய், இரண்டு பெற்றால் இரண்டும் தங்கும் என்று நம்பிய நாளில்தான் குடும்பம் சிறுத்தது.

நிலம் ஏன் இன்னும் துண்டாகிறது?

பிறப்பு குறைந்து இத்தனை ஆண்டுகள் ஆகியும் நிலம் மட்டும் ஏன் சிறுத்துக்கொண்டே போகிறது? இங்கேதான் முதலில் கேட்ட கேள்விக்கு விடை இருக்கிறது.

வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 1970–71-இல் சராசரிப் பண்ணை அளவு 1.45 ஹெக்டேர். 2015–16-இல் அது 0.75 ஹெக்டேர், அதாவது ஏறத்தாழ 1.85 ஏக்கர். பண்ணைகளின் எண்ணிக்கை 53 லட்சத்திலிருந்து 79 லட்சமாகிவிட்டது. இன்று பாகம் பிரித்துக்கொள்பவர்கள் யார்? 1960-களிலும் 1970-களிலும் பிறந்தவர்கள். வீட்டுக்கு நாலைந்து பேராகப் பிறந்த தலைமுறை அது. தகப்பனார் கண் மூடிய பிறகே பத்திரம் பிரிகிறது. ஆகவே நிலத்தைப் பிரிப்பது ஐம்பது ஆண்டுக்கு முந்திய பிறப்பு.

வயலில் இறங்க வேண்டிய ஆளோ இருபது, இருபத்தைந்து வயதுக்காரர். அவர் 2000-ஐ ஒட்டிப் பிறந்தவர். வீட்டுக்கு ஒன்றிரண்டு பேராகப் பிறந்து, பன்னிரண்டாம் வகுப்போ பட்டமோ படித்து, சென்னைக்கோ திருப்பூருக்கோ சிங்கப்பூருக்கோ போய்விட்டார். ஆள் பற்றாக்குறை அண்மைக்காலப் பிறப்பின் விளைவு. துண்டு நிலம் பழைய காலப் பிறப்பின் விளைவு. இரண்டும் ஒரே நாளில் நம் வாசலில் வந்து நிற்கின்றன. கூட்டத்தில் எழுந்து பேசிய இருவரும் பொய் சொல்லவில்லை.

என் வீட்டுக் கதையும் இதுதான். என் தகப்பனாருக்கு நாங்கள் ஐந்து பேர். ஐவரும் படித்தோம், ஒருவர்கூட ஏர் பிடிக்கவில்லை. வேளாண்மையில் டாக்டர் பட்டம் வாங்கிய நான் மற்றவர்கள் நிலத்தைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறேன். எனக்கு ஒரே மகள். அவள் கணிப்பொறி முன்னே உட்கார்ந்திருக்கிறாள். ஐந்து பாகமான எங்கள் நிலத்தில் இரண்டு பாகம் கரம்பாகக் கிடக்கிறது. உங்களுக்கு எடுத்துச் சொல்லும் தகுதி எனக்கு இதில் குறைவுதான் என்பதை ஒப்புக்கொண்டே எழுதுகிறேன்.

நெய்வேலியில் வந்தவர்களும் போனவர்களும்

பிறப்பு, இறப்பு ஆகிய இரண்டு கதவுகளைத் தவிர மக்கள்தொகைக்கு இன்னும் இரண்டு கதவுகள் உண்டு. வந்து சேர்வது, விட்டுப் போவது. வட்டாரத்துக்கு வட்டாரம் ஏற்றத்தாழ்வை உண்டாக்குவதில் இவற்றுக்கே வேகம் அதிகம். இதற்கு நெய்வேலியை விட நல்ல பாடப்புத்தகம் நமக்கு வேண்டியதில்லை.

1930-களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது தண்ணீரோடு கரிய பொருள் வெளிப்பட்டதிலிருந்து கதை தொடங்குகிறது. 1956 நவம்பரில் பழுப்பு நிலக்கரி நிறுவனம் அமைந்தது. 1957 மே 20 அன்று பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். அன்றைய தென்னாற்காடு மாவட்டத்தின் மானாவாரிச் செம்மண் காடு அது. முந்திரியும் மணிலாவும் கம்பும் விளைந்த இடம். ஊர்கள் சில இடம் பெயர்ந்தன. அந்த இடத்தில் அகன்ற சாலைகளும், வட்டம் வட்டமாக வீடுகளும், பள்ளிகளும், மருத்துவமனையும் எழுந்தன. நாலா திசையிலிருந்தும் சம்பளக்காரர்கள் வந்து குடியேறினார்கள்.

சம்பளம் வாங்கும் மக்கள் வந்து குவிந்தால் சுற்றியுள்ள ஊர்கள் உயருமா? ஒரு பகுதி உயர்ந்தது. பால் கறந்தவர், கீரை, கத்தரி, பூ பயிரிட்டவர், பலாவும் முந்திரியும் கொண்டுவந்தவர், மந்தாரக்குப்பத்தில் கடை வைத்தவர் ஆகியோர் கையில் காசு புரண்டது. சுரங்கத்திலிருந்து இறைக்கும் தண்ணீர் வாலாஜா ஏரி, பெருமாள் ஏரி வழியாகச் சில ஊர்களின் வயலுக்கும் எட்டியது. விற்க ஏதாவது கையில் இருந்தவர்கள் மேலேறினார்கள். நிலத்தைக் கொடுத்துவிட்டு, படிப்பும் இல்லாமல், விற்கக் கையுழைப்பை மட்டும் வைத்திருந்த குடும்பங்கள் அந்த அகன்ற சாலையின் ஓரத்திலேயே நின்றுவிட்டன. ஆர்ச் கேட்டுக்கு உள்ளே ஒரு வாழ்க்கைத் தரம். வெளியே நாலு மைல் தள்ளி இன்னொரு வாழ்க்கைத் தரம். மழை இரண்டுக்கும் ஒரே மாதிரிதான் பெய்கிறது.

இப்போது எதிர்ப்பக்கத்தைப் பாருங்கள். மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நெய்வேலி நகரியத்தில் 2001-இல் 1,28,133 பேர் இருந்தார்கள். 2011-இல் 1,05,731 பேர். பத்து ஆண்டில் 22,000 பேருக்கு மேல் குறைந்துவிட்டார்கள். அதே பத்து ஆண்டில் கடலூர் மாவட்டம் 14 விழுக்காடு வளர்ந்திருக்கிறது. பணி ஓய்வு பெற்றவர் குடியிருப்பைக் காலி செய்ய வேண்டும். அவர் இடத்தில் நிரந்தர ஊழியராக வருபவர் குறைவு. ஒப்பந்தத் தொழிலாளராக வருபவருக்குக் குடியிருப்பு இல்லை, அவர் தம் ஊரிலிருந்தே ஷிப்டுக்கு வண்டியில் வந்து போகிறார். ஓய்வு பெற்றவரோ வடக்குத்து, இந்திரா நகர், வடலூர்ப் பக்கம் மனை வாங்கி வீடு கட்டிக்கொள்கிறார். முந்திரித் தோப்பு மனையாகிறது. விலையைக் கேட்டால் விவசாயத்தால் எட்ட முடியாத விலை. விற்றவர் ஒரு முறை பணக்காரர். அடுத்த ஆண்டு அவருக்கு விளைச்சல் இல்லை.

2021-இல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு குறித்த காலத்தில் நடைபெறாததால் அதற்குப் பிந்திய துல்லியமான எண் நம்மிடம் இல்லை. மாற்றம் எந்தத் திசையில் போகிறது என்பதைச் சாலையில் நடந்தாலே காணலாம்.

வேகமாக வளர்ந்த வட்டாரம் எது தெரியுமா? அன்றைய காஞ்சிபுரம் மாவட்டம். 2001-க்கும் 2011-க்கும் இடையே ஏறத்தாழ 39 விழுக்காடு. மாநில வளர்ச்சி 15.6 விழுக்காடுதான். காஞ்சிபுரத்துத் தாய்மார்கள் இரண்டு மடங்கு பிள்ளை பெறவில்லை. கடலூர், விழுப்புரம், அரியலூர் போன்ற மாவட்டங்களில் பெற்று, வளர்த்து, சர்க்கார் பள்ளியில் படிக்க வைத்த பிள்ளைகளும் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். வளர்த்த செலவு நம்முடையது. உழைக்கும் காலம் அந்த வட்டாரத்தினுடையது. மாதாமாதம் கைப்பேசி வழியாக வரும் பணம் இதை ஓரளவு ஈடு செய்கிறது. வீடு காரை வீடாகிறது. தங்கை கல்யாணம் நடக்கிறது. ஆனால் அந்தப் பணம் வயலில் இறங்குவது குறைவு.

வடக்கிலிருந்து வரும் நடவாட்கள்

காவிரிப் பாசனப் பகுதியில் சில ஆண்டுகளாக மேற்கு வங்காளம், பீகார் ஆட்கள் கூட்டமாக வந்து ஒப்பந்தத்தில் நடவு நடுகிறார்கள். நம் வட்டாரத்துச் செங்கல் சூளை, கட்டட வேலைகளிலும் அவர்களைக் காணலாம். ஆயிரம் மைலுக்கு மேல் ரயிலில் வந்து சேற்றில் இறங்குவது ஏன்?

பீகாரில் 2019–21-இல் ஒரு தாய்க்கு 3 குழந்தைகள். 2001–2011-இல் அம்மாநில மக்கள்தொகை வளர்ச்சி 25 விழுக்காடு. 2011-இல் ஒரு சதுர கிலோமீட்டரில் பீகாரில் 1,100 பேருக்கு மேல். தமிழ்நாட்டில் 555 பேர். பீகாரின் மண்ணோ கங்கைச் சமவெளியின் வண்டல் மண். நம் செம்மண்ணை விட எவ்வளவோ வளமானது. நல்ல மண் இருந்தும், நிலத்தில் ஏறி நிற்கும் தலைகள் அதிகம், நிலத்துக்கு வெளியே வேலை குறைவு, கூலி இறங்கிவிடுகிறது. கூலி உயர்ந்த இடத்தை நோக்கி ஆள் நகர்கிறது. மேட்டுத் தண்ணீர் பள்ளத்துக்கு ஓடுவதுபோல இது இயற்கை.

ஆனால் பிறப்பு குறைந்ததால் மட்டுமே தமிழ்நாடு முந்தியது என்று சொன்னால் அது பாதி உண்மைதான். சாலை, மின்சாரம், பள்ளி, மருத்துவம், சிற்றூருக்குப் பக்கத்திலேயே எழுந்த தொழிற்சாலை ஆகியவை இல்லாமல் பிறப்பு மட்டும் குறைந்திருந்தால் மிஞ்சியது வெறும் காலி ஊராகத்தான் இருந்திருக்கும். பிறப்பு குறைந்தால் வளம் வருகிறது; வளம் வந்தால் பிறப்பு குறைகிறது. கோழியா முட்டையா என்று அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். உழவர் பார்க்க வேண்டியது, கிடைத்த மிச்சத்தை நாம் எதில் போட்டோம் என்பதை.

வடக்கிலிருந்து வரும் ஆட்கள் நிரந்தரமாக வருவார்கள் என்று நம்பிப் பயிர்த் திட்டம் போட வேண்டாம் என்பது என் கருத்து. பீகாரிலும் பிறப்பு இறங்கிவருகிறது. அங்கும் ஒரு நாள் கூலி உயரும். வரும்வரை அவர்களுக்குப் பேசிய கூலியைப் பேசியபடி கொடுத்து, படுக்க நல்ல கொட்டகையும் குடிக்க நல்ல தண்ணீரும் கொடுப்பது நம் கடமை. நம் பிள்ளைகளும் எங்கோ ஒரு அயலூரில் கொட்டகையில் படுத்தவர்கள்தான்.

பக்கத்து மாநிலமான கேரளம் இந்தப் பாதையில் நமக்கு முன்னே போய்விட்டது. பிறப்பு முதலில் குறைந்தது அங்கே. கிராமக் கூலி இந்தியாவிலேயே உயர்ந்த நிலையில் இருப்பதும் அங்கே. வாழ்க்கைத் தரம் உயர்ந்தது. கூடவே நெல் வயலும் போயிற்று. 1970-களின் நடுவில் ஏறத்தாழ 8.8 லட்சம் ஹெக்டேரில் இருந்த நெல், இப்போது 2 லட்சம் ஹெக்டேர் அளவில்தான் இருக்கிறது. ஆள் குறைவது மட்டும் அதற்குக் காரணமல்ல. ரப்பர், தென்னை, வீட்டு மனை எல்லாம் சேர்ந்ததுதான். இருந்தாலும் ஆள் அதிகம் கேட்கும் பயிர்தான் முதலில் போகிறது என்பதை அங்கே தெளிவாகக் காணலாம்.

இன்னொரு பழுப்பு நிலக்கரி ஊர்

நெய்வேலிச் சுரங்கத்தில் சுழலும் ராட்சதச் சக்கர இயந்திரங்களின் தொழில்நுட்பம் ஜெர்மனியிலிருந்து வந்தது. அந்த ஜெர்மனியின் கிழக்குப் பகுதியில் ஹோயர்ஸ்வெர்டா என்று ஓர் ஊர். பழுப்பு நிலக்கரித் தொழிலுக்காகவே வரிசை வரிசையாக வீடு கட்டிப் பெருக்கிய ஊர். 1980-களின் தொடக்கத்தில் அங்கே ஏறத்தாழ 70,000 பேர். 1990-இல் இரு ஜெர்மனிகளும் இணைந்தபின் சுரங்க வேலை சுருங்கியது. இளைஞர்கள் மேற்கே போனார்கள். கிழக்கு ஜெர்மனியிலிருந்து அப்படிப் போனவர்களில் இளம் பெண்கள் அதிகம். அவர்களோடு பிறக்க வேண்டிய பிள்ளைகளும் போய்விட்டன. இன்று அவ்வூரில் 35,000-க்கும் குறைவானவர்களே. ஆயிரக்கணக்கான வீடுகளை ஆள் இல்லாமல் இடித்தார்கள். பணக்கார நாடு, உதவித்தொகையும் ஓய்வூதியமும் தரும் நாடு, அங்கேயே இப்படி.

நெய்வேலிக்கு இது நாளைக்கே வரும் என்று சொல்லவில்லை. நிலக்கரி இன்னும் இருக்கிறது, மின்சாரத் தேவையும் இருக்கிறது. ஆனால் தோண்டித் தீரும் ஒரு பொருளை நம்பி நிற்கும் வட்டாரத்தில், பிறப்பும் குறைந்து, இளைஞரும் வெளியேறினால், மூன்றும் ஒன்றாகச் சேரும் காலத்தில் மிஞ்சப்போவது நிலமும் முதியவர்களும்தான். 2021-இல் தமிழ்நாட்டு மக்களில் 60 வயது கடந்தவர் 13.6 விழுக்காடு, 2031-இல் 18.2 விழுக்காடு ஆவார்கள் என்று மதிப்பிடப்பட்டிருக்கிறது. பீகாரில் 2021-இல் 7.7 விழுக்காடுதான். ஜப்பானில் முழுநேர உழவரின் சராசரி வயது 67-ஐத் தாண்டிவிட்டது. நம் கூட்டங்களுக்கு வருபவர்களின் தலையைப் பார்த்தாலும் வெள்ளைதான் அதிகம்.

பிறக்காத பெண் குழந்தைகள்

ஒரு கசப்பான செய்தியையும் சொல்லியாக வேண்டும். 2001-இல் கடலூர் மாவட்டத்தில் 6 வயது வரையுள்ள 1,000 ஆண் குழந்தைகளுக்கு 957 பெண் குழந்தைகள் இருந்தார்கள். 2011-இல் 896 பேர்தான். மாநிலச் சராசரி 943. நம் மாவட்டம் மாநிலத்தின் கடைசி வரிசையில் நின்றது. குடும்பம் சிறுக்க வேண்டும், ஆனால் அந்த ஒன்றோ இரண்டோ ஆணாக இருக்க வேண்டும் என்று ஸ்கேன் இயந்திரத்தின் துணையோடு நாம் போட்ட கணக்கு இது. சட்டம் தடுத்தும் நடந்தது. வரதட்சணைப் பயமே இதன் வேர். அந்தக் குழந்தைகள் இப்போது திருமண வயதை நெருங்குகிறார்கள். நிலம் வைத்திருக்கும் உழவன் மகனுக்குப் பெண் கிடைக்கவில்லை என்று வருந்தும் பெற்றோரை நான் ஊர்தோறும் பார்க்கிறேன். மணிலா வயலில் களையெடுப்பதும் காய் ஆய்வதும் முந்திரிக் கொட்டை பொறுக்குவதும் பெரும்பாலும் பெண்கள். பெண்ணை வேண்டாம் என்ற ஊரில் ஆள் இல்லை என்று புலம்புவது எப்படி நியாயமாகும்?

என் தவறு ஒன்று

சில ஆண்டுகளுக்கு முன், மந்தாரக்குப்பத்துக்கு அப்பால் ஓர் ஊரில், மூன்று ஏக்கர் வைத்திருந்த ஒரு முதிய தம்பதிக்கு இறவை மணிலாவைச் சிபாரிசு செய்தேன். ஏக்கருக்கு என்ன வரும் என்று காகிதத்தில் அழகாகக் கணக்குப் போட்டேன். பயிரும் நன்றாகவே வந்தது. பறிக்கும் வாரத்தில் ஊரில் ஆள் இல்லை, மகன் வெளிநாட்டில், மருமகள் நகரத்தில். பத்து நாள் தள்ளிப் போயிற்று. அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. கொத்து ரக மணிலாவுக்கு விதை உறக்கம் கிடையாது என்பது நான் வகுப்பில் சொல்லிக்கொடுக்கும் பாடம். காய் மண்ணுக்குள்ளேயே முளைத்துவிட்டது. அந்தப் பெரியவர் என்னைக் குறை சொல்லவில்லை. "நீங்க மண்ணைப் பார்த்தீங்க சார், தண்ணியைப் பார்த்தீங்க. எங்க ரெண்டு பேரையும் பார்க்கலையே" என்றார். அன்றிலிருந்து எந்த உழவரிடமும் மண் பரிசோதனைச் சீட்டைக் கேட்பதற்கு முன், "வீட்டில் எத்தனை பேர், என்ன வயது?" என்றுதான் கேட்கிறேன்.

உங்கள் ஊர்க் கணக்கு

நீங்களும் ஒரு காகிதம் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊர்த் தொடக்கப் பள்ளியில் இந்த ஆண்டு முதல் வகுப்பில் எத்தனை பிள்ளைகள், பத்து ஆண்டுக்கு முன் எத்தனை பேர் என்று தலைமை ஆசிரியரைக் கேளுங்கள். தனியார் பள்ளி வண்டியில் ஏறுபவர்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பிறகு உங்கள் தெருவில் இருபதிலிருந்து நாற்பது வயதுக்குள் உள்ளூரிலேயே இரவு தங்குபவர் எத்தனை பேர், அறுபதைக் கடந்தவர் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். கடைசியாக உங்கள் வீடு: இன்னும் பத்து ஆண்டுகளுக்கு இந்த நிலத்தில் இறங்கப்போகும் கைகள் யாருடையவை, அவர்களுக்கு அப்போது என்ன வயது? இந்த எண்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பயிரைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

வீட்டில் இரண்டு நடுத்தர வயதுக் கைகளாவது இருந்தால் மணிலாவை விட வேண்டியதில்லை. ஆட்செலவைக் குறைத்தால் போதும். விதைப்புக் கருவி கொண்டு வரிசையில் விதைக்கலாம். விதைத்த மூன்று நாட்களுக்குள், மண்ணில் ஈரம் இருக்கும்போது, ஏக்கருக்கு 1.3 லிட்டர் பெண்டிமெத்தலின் 30 ஈ.சி. மருந்தை 200 லிட்டர் தண்ணீரில் கலந்து கைத்தெளிப்பானால் தெளித்தால், முதல் களை ஏறத்தாழ நின்றுவிடும். பிறகு 35–40-ஆம் நாளில் ஒரு கைக்களை எடுத்து மண் அணைத்தால் போதும். காய் பிரிக்கும் இயந்திரத்தைத் தனியாக வாங்க வேண்டாம். பத்துப் பேர் சேர்ந்து வாடகைக்கு அமர்த்துங்கள்; வேளாண்மைப் பொறியியல் துறையிலும் உழவன் செயலியிலும் வாடகை விவரம் கிடைக்கும். ஊர் முழுவதும் ஒரே வாரத்தில் விதைத்து ஒரே வாரத்தில் பறித்தால் ஆளும் கிடைக்காது, இயந்திரமும் கிடைக்காது. ஆகவே விதைப்பை ஐந்தாறு நாள் இடைவெளியில் பிரித்துக்கொள்வது நல்லது.

வீட்டில் முதியவர் இருவர் மட்டும் என்றால், ஆண்டு முழுவதும் குனிந்து நிமிரும் பயிரை விட்டு மரப்பயிருக்கு மாறுவதே அறிவுடைமை. நம் செம்மண்ணுக்கு முந்திரியே முதல் மரம். 2011 டிசம்பர் 30 அன்று அடித்த தானே புயலில் பண்ருட்டி வட்டாரத்தின் முந்திரியும் பலாவும் பெருமளவு சாய்ந்ததை யாரும் மறக்கவில்லை. அதற்குப் பயந்து மரமே வேண்டாம் என்று மனைக்கு விற்றவர்களும் உண்டு. ஒட்டுக் கன்று மூன்றாம் ஆண்டிலேயே காய்க்கத் தொடங்கும். கவாத்துச் செய்து மரத்தைத் தாழ்வாகப் படர விட்டால் பொறுக்குவதும் எளிது, காற்றுக்கும் ஓரளவு தாங்கும். முதல் மூன்று ஆண்டு இடைவெளியில் உளுந்தோ மணிலாவோ குறைந்த பரப்பில் போட்டுக்கொள்ளலாம். நாலு வெள்ளாடு வளர்ப்பவர்கள் கன்றுகளுக்கு வேலி போட மறக்கக்கூடாது; இதனால் மட்டும் அழிந்த தோப்புகள் பல.

பாகம் பிரிப்பது பற்றியும் ஒரு வார்த்தை. பத்திரத்தில் பிரியுங்கள், தமிழ்நாட்டில் 1989 முதலும், நாடு முழுவதும் 2005 முதலும் மகளுக்கும் சம பங்கு சட்டப்படி உண்டு. ஆனால் வரப்பில் பிரிக்க வேண்டாம். ஐந்து பேர் பங்கும் ஒரே கட்டாக இருந்து, ஒரே கிணற்றில் பாய்ந்து, ஊரில் இருக்கும் ஒருவர் சாகுபடி செய்து, மற்றவர்களுக்கு ஆண்டுக்கு இவ்வளவு என்று எழுதிக் கொடுத்தால் நிலமும் தழைக்கும், இயந்திரமும் திரும்ப இடம் இருக்கும். குத்தகை கொடுத்தால் நிலம் போய்விடுமோ என்ற அச்சத்தில் கரம்பு போடுபவர்கள், வழக்கறிஞர் ஒருவரைக் கேட்டு முறையாக எழுதிக்கொள்ளலாம். கணவர் வெளியூரில் இருக்க, வீட்டில் சாகுபடியை உண்மையில் நடத்துபவர் மனைவியானால், பயிற்சிக்கும் கூட்டுறவுக் கடனுக்கும் அவரே நேரில் வரவேண்டும். கூட்டத்தின் பின் வரிசையில் உட்காரும் அந்தப் பெண்கள்தான் இன்று பல ஊர்களில் உண்மையான உழவர்கள்.

முந்திரி ஒட்டுக் கன்றுகளை ஜூன் முதல் டிசம்பர் வரை நடலாம். 7 மீட்டருக்கு 7 மீட்டர் இடைவெளியில் ஏக்கருக்கு ஏறத்தாழ 80 கன்றுகள் தேவைப்படும். வி.ஆர்.ஐ. 3 போன்ற ரகங்களைப் பற்றி அறிய விரும்பும் உழவர்கள் விருத்தாசலத்தில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையத்தை அணுகலாம். வரும்போது சிட்டா நகலோடு, மேலே சொன்ன காகிதத்தையும் கொண்டு வாருங்கள்.